2019-இல் நிரூபித்தாயிற்று, 2022-இல் ஏன் நடுநிலை? செயற்கைக்கோள் தகர்ப்புச் சோதனைத் தடை குறித்து

பொதிகை (இழையைத் தொடங்கியவர்)

2019 மார்ச் 27 அன்று ஒடிசாக் கரையை ஒட்டிய அப்துல் கலாம் தீவிலிருந்து புறப்பட்ட ஏவுகணை, சுமார் 283 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்த மைக்ரோசாட்-ஆர் என்ற நம்முடைய செயற்கைக்கோளையே மூன்று நிமிடங்களுக்குள் மோதித் தகர்த்தது. 'மிஷன் சக்தி' என்ற பெயரில் அது அறிவிக்கப்பட்டபோது எழுந்த தேர்தல் நேரத்துச் சர்ச்சையை இங்கே கிளற வேண்டாம். அமெரிக்கா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து நான்காவது நாடாக நாம் அந்த வரிசையில் சேர்ந்தோம் என்பதே இந்த விவாதத்துக்குத் தேவையான செய்தி.

மூன்றரை ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பர் 7 அன்று, தரையிலிருந்து ஏவுகணை செலுத்திச் செயற்கைக்கோள்களைத் தகர்க்கும் சோதனைகளை நடத்த மாட்டோம் என்று நாடுகள் உறுதியளிக்கக் கோரும் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் 155 வாக்குகளுடன் நிறைவேறியது. எதிர்த்தவை 9 நாடுகள். அவற்றில் ரஷ்யாவும் சீனாவும் உண்டு. வாக்களிக்காமல் ஒதுங்கியவையும் 9 நாடுகள். அவற்றில் இந்தியா உண்டு.

இந்த ஒதுங்கல் எனக்கு விளங்கவில்லை. உடைந்த துண்டுகள் விண்வெளிக் குப்பையாக நெடுநாள் தங்கக் கூடாது என்பதற்காகவே தாழ்ந்த உயரத்தைத் தேர்ந்தெடுத்தோம் என்று 2019-இல் உலகத்துக்கு விளக்கம் சொன்னவர்கள் நாம். அந்த அக்கறை மெய்யானால், இன்னொரு சோதனை வேண்டாம் என்று சொல்வதில் நமக்கு என்ன நட்டம்? ஆற்றல் கைக்கு வந்துவிட்டது. ஏவுகணையைக் கலைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நண்பர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கரிசல்

நட்டம் என்னவென்று 1968-ஐக் கேட்டால் சொல்லும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தம் 1967 ஜனவரி 1-ஐ எல்லைக்கோடாக வைத்தது. அதற்கு முன் வெடித்துக் காட்டியவர்கள் வல்லரசுகள், பின்னால் வந்தவர்கள் விதிமீறிகள். 1964-இல் வெடித்த சீனா உள்ளே போயிற்று. 1974-இல் வெடித்த நாம் வெளியே நின்றோம். 2012-லேயே செயற்கைக்கோள் எதிர்ப்பு ஆயுதத்துக்கான கூறுகள் எல்லாம் தயாராக இருக்கின்றன என்று பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் அப்போதைய தலைவர் வி.கே. சாரஸ்வத் சொன்னார். தயாராக இருக்கிறது என்று சொல்வதற்கும் செய்து காட்டுவதற்கும் உள்ள தொலைவை அந்த அணுக்கதையே நமக்குக் கற்றுக்கொடுத்தது. ஆகவே 2019 சரியான முடிவு; அதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை என்று நினைக்கிறேன்.

வேறுபாடு அடுத்த படியில் இருக்கிறது. அமெரிக்கா 1985-இல் எஃப்-15 விமானத்திலிருந்து ஏவுகணை செலுத்தி சோல்விண்ட் செயற்கைக்கோளை உடைத்தது. 2008-இல் போர்க்கப்பலிலிருந்து யு.எஸ்.ஏ.-193-ஐ உடைத்தது. தனக்குத் தேவையான தரவுகள் எல்லாம் சேர்ந்தபின், 2022 ஏப்ரலில் 'இனி யாரும் செய்ய வேண்டாம்' என்று தொடங்கி வைத்தது. பின்தொடர்ந்து உறுதிமொழி கொடுத்த முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில், அமெரிக்காவைத் தவிர, இந்தச் சோதனையை அதுவரை செய்திருந்த நாடு ஒன்றுகூட இல்லை. மது அருந்தாதவர்கள் மதுவிலக்கில் கையெழுத்திடுவதில் தியாகம் என்ன இருக்கிறது?

சுற்றுப்பாதை

அரசியலுக்குள் போகும் முன் உயரத்தைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும், ஏனெனில் இந்த விவாதத்தில் நோக்கத்தைவிட உயரமே பெரிய செய்தி. சீனா 2007 ஜனவரி 11 அன்று ஃபெங்யுன்-1சி என்ற தனது பழைய வானிலைச் செயற்கைக்கோளை உடைத்தது. உயரம் சுமார் 865 கிலோமீட்டர். அங்கே காற்று மிகமிக மெலிந்தது; உராய்ந்து வேகத்தைக் குறைக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். தரையிலிருந்து பின்தொடரக்கூடிய அளவில் மட்டுமே 3,000-க்கும் மேற்பட்ட துண்டுகள் உண்டாயின. 2021 நவம்பர் 10 அன்று, அதாவது பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே செயற்கைக்கோளின் ஒரு துண்டுக்கு வழிவிட்டுப் பன்னாட்டு விண்வெளி நிலையம் தன் பாதையை மாற்ற வேண்டியிருந்தது.

நம் சோதனை 283 கிலோமீட்டரில் நடந்ததால் எல்லாத் துண்டுகளும் உடனே கீழே விழுந்திருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் உண்மை. மோதலின்போது ஒரு துண்டுக்கு, அது ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே, விநாடிக்கு 100 மீட்டர் கூடுதல் வேகம் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். பூமியின் மறுபக்கத்தில் அதன் பாதை சுமார் 340 கிலோமீட்டர் உயர்ந்துவிடும். அப்படியானால் அதன் உச்சி 600 கிலோமீட்டரைத் தாண்டும். விண்வெளி நிலையமோ 400 கிலோமீட்டரை ஒட்டி இருக்கிறது. நம்மைக் காப்பாற்றியது இன்னொரு விதி. எவ்வளவு உயரம் போனாலும் அந்தத் துண்டு ஒவ்வொரு சுற்றிலும் உடைந்த இடத்தின் உயரத்துக்கு, அதாவது 283 கிலோமீட்டருக்கு, திரும்பி வந்தே தீர வேண்டும். ஒவ்வொரு முறை வரும்போதும் காற்று அதன் வேகத்தைக் கொஞ்சம் உறிஞ்சும். உச்சி மெல்ல மெல்லத் தாழும். 865-இல் உடைந்தவற்றுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எனவே 45 நாள்களில் எல்லாம் எரிந்துவிடும் என்று டி.ஆர்.டி.ஓ. சொன்ன கணக்கு பெரும்பாலான துண்டுகளுக்குப் பொருந்தியது; மேலே எறியப்பட்டவற்றுக்குப் பொருந்தவில்லை. உடைந்த ஐந்தாம் நாளிலேயே நாசாவின் தலைவர் ஜிம் பிரைடன்ஸ்டைன், 24 துண்டுகள் விண்வெளி நிலையத்தைவிட உயரம் செல்கின்றன என்று வெளிப்படையாகக் கடிந்தார். கடைசித் துண்டுகள் கீழே வர ஆண்டுகள் ஆயின. ஃபெங்யுன்னோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமில்லை என்பதும் உண்மை. 'குப்பையே இல்லை' என்று நாம் மார்தட்டியது சரியில்லை என்பதும் உண்மை.

ஆபத்தின் அளவு புரியாதவர்களுக்கு ஓர் எளிய கணக்கு. எதிரெதிர்ப் பாதைகளில் மோதும் வேகம் விநாடிக்கு 10 கிலோமீட்டர் என்றால், ஒரு கிராம் உலோகத்தில் இருக்கும் ஆற்றல், அதன் எடையைப் போலப் பன்னிரண்டு மடங்கு டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். திருகாணி ஒன்று போதும், ஒரு செயற்கைக்கோளின் கதை முடிந்துவிடும்.

தாழம்பூ

விவாதத்துக்கு நடுவே சிறு தகவல். மைக்ரோசாட்-ஆர் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2019 ஜனவரி 24 அன்று பி.எஸ்.எல்.வி.-சி44 ராக்கெட்டில்தான் ஏவப்பட்டது. அதே ராக்கெட்டில் சென்னை 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' அமைப்பின் மாணவர்கள் செய்த கலாம்சாட்டும் சென்றது. அன்றைய செய்தித்தாள்கள் கலாம்சாட்டைக் கொண்டாடின. கூடவே போனது இரண்டு மாதங்களில் உடைக்கப்படவிருக்கும் இலக்கு என்பது யாருக்கும் தெரியாது. 'புவிப்படம் எடுக்கும் செயற்கைக்கோள்' என்றுதான் அதை அறிமுகப்படுத்தினார்கள்.

பொதிகை

சுற்றுப்பாதை அவர்களுக்கு நன்றி. என் வாதத்தை என்னைவிட நன்றாக எடுத்து வைத்திருக்கிறீர்கள். கரிசல் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அணு ஒப்பந்த ஒப்புமை 2019-க்குப் பொருந்துகிறது. 2022-க்கு எப்படிப் பொருந்தும்? இம்முறை எல்லைக்கோட்டுக்கு உள்ளே நிற்பவர்கள் நாம். உள்ளே வந்தவன் கதவைச் சாத்துவதே அவனுக்கு லாபம். பாகிஸ்தானோ வேறு நாடோ நாளை இதே சோதனையைச் செய்தால், அதைக் கண்டிக்கும் தகுதி நமக்கு எங்கிருந்து வரும்?

சோழமண்டலம்

கடற்படையின் தகவல் தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இரண்டு செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன். பொதுவெளியில் உள்ளவற்றை மட்டுமே பேசுவேன்.

முதலாவது, நாம் காக்க வேண்டியவை எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். கடற்படைக்கான ஜிசாட்-7, விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ இரண்டும் பூமத்தியரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. நாம் அடித்துக் காட்டியது 283 கிலோமீட்டரில். 'என்னுடையதை அடித்தால் உன்னுடையதை அடிப்பேன்' என்ற அச்சுறுத்தல் தாழ்ந்த பாதையில் சுற்றும் உளவுச் செயற்கைக்கோள்கள் அளவில்தான் செல்லும். அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு: நாம் பதிலடி கொடுத்து உண்டாக்கும் குப்பை, அதே பாதையில் சுற்றும் நம் புவிப்படச் செயற்கைக்கோள்களான கார்ட்டோசாட்டுகளையும் சேர்த்தே தாக்கும். 2024 அக்டோபரில் 52 புதிய கண்காணிப்புச் செயற்கைக்கோள்களுக்கு மத்திய அரசு ஒப்புதல் வழங்கியது. அவை ஒவ்வொன்றாக மேலே போகப்போக, குப்பையால் இழப்பதற்கு நம்மிடம் இருப்பவை கூடிக்கொண்டே போகும்.

இரண்டாவது, செயற்கைக்கோளை உடைப்பது இந்தப் போட்டியின் மிகக் குறைவாகப் பயன்படும் கருவி. இதுவரை உடைத்த நாடுகள் அனைத்தும் தத்தம் செயற்கைக்கோளைத்தான் உடைத்திருக்கின்றன. எதிரியுடையதை ஒருவரும் உடைத்ததில்லை. போரில் உண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்த அதே காலை, செயற்கைக்கோள் வழி இணையம் தரும் வியாசாட் நிறுவனத்தின் கே.ஏ.-சாட் வலையமைப்பின் மோடம்களுக்குள் அழிப்பு மென்பொருள் புகுந்தது. மேலே இருந்த செயற்கைக்கோளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீழே உக்ரைனிலும் ஐரோப்பாவின் பிற பகுதிகளிலும் ஆயிரக்கணக்கான மோடம்கள் செத்தன. ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்கும் வசதி அறுந்தது. கடலில் இருப்பவர்களுக்கு ஜி.பி.எஸ். குறியலையை முடக்குவதும், பொய்யான குறியலையை அனுப்பிக் கப்பலை வேறிடத்தில் இருப்பதாக நம்பவைப்பதும் இன்று அன்றாடச் செய்தி. குப்பை இல்லை, தடயம் குறைவு, 'நாங்கள் இல்லை' என்று கைவிரிக்கவும் முடியும். எந்தத் தளபதியும் இதைத்தான் முதலில் எடுப்பார். ஏவுகணைச் சோதனைத் தடைக்காக நாம் முட்டி மோதிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பக்கத்தில் நம் தயார்நிலை என்ன என்பதே என் கவலை.

கரிசல்

பொதிகை அவர்களின் கேள்வி நியாயமானது. உள்ளே வந்தவன் கதவைச் சாத்தலாம்தான். ஆனால் சாத்தப்படும் கதவு எது என்று பார்க்க வேண்டாமா? சோழமண்டலம் ஐயா சொன்னதே எனக்கும் துணை. இந்தத் தீர்மானம் தடுப்பது தரையிலிருந்து ஏவி உடைக்கும் சோதனையை மட்டுமே. மேலேயே நிறுத்திவைத்து, வேண்டியபோது அருகில் நகர்த்திச் சேதம் செய்யும் செயற்கைக்கோள்களைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

இது புதிதும் அல்ல. சோவியத் ஒன்றியம் 1968 முதலே இலக்கை நெருங்கி வெடிக்கும் செயற்கைக்கோள்களைச் சோதித்தது. சல்யூத்-3 விண்வெளி நிலையத்தில் பீரங்கியையே பொருத்தி அனுப்பியது. 2020-இல் ரஷ்யாவின் கோஸ்மோஸ்-2542, 2543 இரண்டும் அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள் ஒன்றின் பாதையை ஒட்டிப் பின்தொடர்ந்தன. அவ்வாண்டு ஜூலையில் 2543 தன்னுள்ளிருந்து ஒரு பொருளை அதிவேகத்தில் வெளியேற்றியது. 2022 ஜனவரியில் சீனாவின் ஷிஜியான்-21, செயலிழந்த பெய்டூ என்ற தன் வழிகாட்டுச் செயற்கைக்கோள் ஒன்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் 36,000 கிலோமீட்டர் பாதைக்கும் மேலே விட்டு வந்தது. சீனா அதைக் குப்பை அகற்றும் பணி என்றது, இருக்கலாம். செத்த செயற்கைக்கோளை இழுக்கத் தெரிந்த கைக்கு உயிருள்ளதை இழுக்கத் தெரியாதா? ஜிசாட்-7 இருக்கும் உயரம் அது. நமக்கு மெய்யான அச்சம் வர வேண்டிய இடத்தைத் தொடாமல், நாம் ஏற்கெனவே தேர்ந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கச் சொல்வதுதான் இந்தத் தடை.

நீதிமான்

நான் பன்னாட்டுச் சட்டம் பயில்கிறவன். சட்டம் எங்கே நிற்கிறது என்று தெரிந்தால் இருவர் வாதமும் இன்னும் கூர்மையாகும்.

1967 விண்வெளி ஒப்பந்தத்தின் நான்காம் பிரிவு, அணு ஆயுதங்களையும் பிற பேரழிவு ஆயுதங்களையும் பூமியைச் சுற்றும் பாதையில் நிறுத்துவதைத் தடுக்கிறது. வழக்கமான ஆயுதத்தை நிறுத்துவதைத் தடுக்கவில்லை; தரையிலிருந்து ஏவுவதையும் தடுக்கவில்லை. 2022 தீர்மானம் சட்டமும் அல்ல. நாடுகள் தாமாகக் கொடுக்கும் வாக்குறுதிக்கான அழைப்பு மட்டுமே. வைத்திருப்பதையோ போரில் பயன்படுத்துவதையோ அது தொடவில்லை. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்பதே நெடுங்காலமாக இந்தியாவின் நிலை. ஒதுங்கியதற்கு அதுவே அடிப்படை என்று வாதிடலாம். ஆனால் அப்படியோர் ஒப்பந்தம் ஜெனீவாவின் ஆயுதக் குறைப்பு மாநாட்டில் எப்போது பிறக்கும்? ரஷ்யாவும் சீனாவும் 2008-இல் வைத்த வரைவு விண்ணில் ஆயுதம் நிறுத்துவதைத் தடுக்கிறது, தரையில் வைத்திருப்பதை விட்டுவிடுகிறது. அமெரிக்கா சரிபார்க்க முடியாது என்று சொல்லி அதை ஒதுக்குகிறது. அவரவர் கையில் இல்லாததைத் தடைசெய்ய அவரவருக்கு ஆர்வம்.

இதைவிடக் கலக்கம் தருவது அணு விவகாரம். 1962 ஜூலை 9 அன்று பசிபிக் கடலுக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் அமெரிக்கா 1.4 மெகாடன் குண்டை வெடித்தது. 'ஸ்டார்ஃபிஷ் பிரைம்' என்பது அதன் பெயர். சுமார் 1,400 கிலோமீட்டருக்கு அப்பால் ஹவாயில் தெருவிளக்குகள் அணைந்தன. வெடிப்பு விட்டுச்சென்ற கதிர்வீச்சு வளையத்தில் சிக்கிப் பல செயற்கைக்கோள்கள் பழுதாயின. அவற்றில் நட்பு நாடான பிரிட்டனின் முதல் செயற்கைக்கோள் ஏரியல்-1, மறுநாளே ஏவப்பட்ட தொலைத்தொடர்புச் செயற்கைக்கோள் டெல்ஸ்டார் இரண்டும் உண்டு. அடுத்த ஆண்டு விண்வெளி அணுவெடிப்புக்குத் தடை வந்தது. இப்போது, அணு ஆயுதம் தாங்கிய செயற்கைக்கோள் எதிர்ப்புக் கருவியை ரஷ்யா உருவாக்குகிறது என்று 2024 பிப்ரவரியில் அமெரிக்கா குற்றம் சாட்டியது; ரஷ்யா மறுத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 24 அன்று, 1967 கடமையை மீண்டும் உறுதிசெய்யும் தீர்மானத்தை அமெரிக்காவும் ஜப்பானும் பாதுகாப்பு கவுன்சிலில் வைத்தபோது 13 நாடுகள் ஆதரித்தன, சீனா ஒதுங்கியது, ரஷ்யா வெட்டுரிமையால் வீழ்த்தியது. தான் ஏற்கெனவே கையெழுத்திட்ட ஒன்றை மறுபடியும் உறுதிசெய்ய மறுக்கும் நாட்டிடம் புதிய ஒப்பந்தத்தை எதிர்பார்க்கிறோம்.

சுற்றுப்பாதை

கரிசல் ஐயாவின் 'சிறிய கதவு' வாதத்தை ஏற்கிறேன். ஆனால் சிறிய கதவைத் திறந்துவைத்தால் என்ன நுழையும் என்பதற்கு 2021 நவம்பர் 15 சான்று. ரஷ்யா தன் பழைய கோஸ்மோஸ்-1408-ஐ சுமார் 480 கிலோமீட்டர் உயரத்தில் உடைத்தது. பின்தொடரக்கூடிய துண்டுகள் 1,500-க்கும் மேல். விண்வெளி நிலையத்தில் அன்று இருந்தவர்கள் ஏழு பேர்: நான்கு அமெரிக்கர்கள், ஒரு ஜெர்மானியர், இரண்டு ரஷ்யர்கள். அந்த அமெரிக்கர்களில் ஒருவர் இந்திய வம்சாவளியினரான ராஜா சாரி. குப்பை மேகத்தை நிலையம் கடந்த முதல் சுற்றுகளில், நிலையம் துளைபட்டால் அப்படியே பிரிந்து பூமிக்கு வர ஏதுவாக, எல்லோரும் நிலையத்தோடு இணைந்திருந்த டிராகன், சோயுஸ் கலங்களுக்குள் போய் அமர்ந்தார்கள். ஷ்காப்ளெரோவ், துப்ரோவ் என்ற இரண்டு ரஷ்யர்களும் தம் நாட்டு ஏவுகணை உடைத்த துண்டுகளுக்கு அஞ்சியே உள்ளே ஒடுங்கியிருந்தார்கள். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யானின் பாதையும் ஏறத்தாழ 400 கிலோமீட்டரில்தான்.

இன்னொன்று. தடையை ஏற்றால் நம் ஆற்றல் துருப்பிடித்துவிடும் என்ற அச்சம் பொறியியல்படி சரியில்லை. 2019-இல் பறந்தது ஏவுகணைத் தடுப்புத் திட்டத்திலிருந்து பிறந்த பி.டி.வி. மார்க்-2 ஏவுகணை. அந்தத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நடந்துகொண்டேதான் இருக்கிறது, ஏ.டி.-1 இடைமறிப்பு ஏவுகணை 2022 நவம்பரில் முதன்முறை பறந்தது. இலக்கு தேடும் கருவி, வழிகாட்டுதல், கடைசி நொடிகளில் திசைதிருத்தும் உந்துகள் ஆகிய எல்லாவற்றையும், பாய்ந்து வரும் இலக்கு ஏவுகணைக்கு எதிராகச் சோதிக்கலாம். அவற்றின் சிதறல்கள் சுற்றுப்பாதை வேகத்தை எட்டாததால் கடலில் விழுந்துவிடும். உண்மையான செயற்கைக்கோளை இன்னொரு முறை உடைத்துத் தெரிந்துகொள்ள வேண்டியது மிகக் குறைவு.

பொதிகை

அப்படியானால் என் கேள்வியை இன்னும் சுருக்கலாம். சோதனையால் நமக்குப் புதிதாக வரவேண்டியது எதுவும் இல்லை. பிறர் செய்தால் ககன்யானுக்கும் 52 செயற்கைக்கோள்களுக்கும் ஆபத்து. ஐ.நா. தீர்மானத்தின் பின்னால் போக விருப்பமில்லை என்றால், 1998-க்குப் பிறகு அணுச் சோதனைக்கு நாமாக ஒரு தடையை அறிவித்துக் கடைப்பிடித்தோமே, அதே முறையில் இதற்கும் அறிவிக்கலாம்.

கரிசல்

1998 எடுத்துக்காட்டு வலுவானது. அதை மறுக்க மாட்டேன். ஆனால் அந்த அறிவிப்பைச் சும்மா கொடுக்கவில்லை. அதை வைத்துப் பத்தாண்டுகள் பேரம் பேசி, 2008-இல், பரவல் தடை ஒப்பந்தத்தில் சேராமலேயே அணு வணிகம் செய்வதற்கான விலக்கைப் பெற்றோம். இதற்கும் விலை கேட்க வேண்டும் என்பதே என் நிலை. 36,000 கிலோமீட்டர் பாதையில் பிறர் செயற்கைக்கோளை எவ்வளவு தொலைவுக்குள் நெருங்கக் கூடாது, நெருங்கினால் முன்கூட்டி யாருக்கு அறிவிக்க வேண்டும் என்ற விதி பேச்சுக்கு வரட்டும். எந்தச் செயற்கைக்கோள் எங்கே நகர்கிறது என்ற கண்காணிப்புத் தரவில் நமக்குப் பங்கு கிடைக்கட்டும். அந்த மேசையில் வைப்பதற்கு நம்மிடம் இருக்கும் சீட்டு இந்தச் சோதனைத் தடை ஒன்றுதான். அதை ஒரு டிசம்பர் மாத வாக்கெடுப்பில் கைதட்டலுக்காக வீசிவிடாததில் தவறில்லை.

சோழமண்டலம்

விலை கேட்பது சரி, கரிசல். ஆனால் 2019-க்குப் பிறகு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த விலை என்னவென்று நாம் இதுவரை எந்த அவையிலும் எழுத்தில் வைத்ததாக நான் பார்க்கவில்லை. ரஷ்யாவோ சீனாவோ நாளைக்கே தடையை ஏற்றுவிட்டால் உங்கள் சீட்டுக்கு மதிப்பு போய்விடும். அணுகல் தொலைவு குறித்த வரைவை வெளியுறவு அமைச்சகமும் பெங்களூரில் உள்ள பாதுகாப்பு விண்வெளி முகமையும் சேர்ந்து அதற்கு முன்பே எழுத வேண்டும்.